இவருக்குப் பதில் இவர்

இரவுச் சாப்பாட்டு நேரம். டிவியில் சீரியல் ஓடுகிறது. கதவைத் திறந்துகொண்டு அண்ணன் உள்ளே வருகிறார். நேற்றுவரை பார்த்த அண்ணன் இல்லை, வேறு ஆள். திரையின் அடியில் ஒரு வரி வருகிறது: 'இவருக்குப் பதில் இவர்.' சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். திரையில் இருக்கும் அண்ணியோ ஒன்றுமே நடக்காதது மாதிரி புது அண்ணனுக்குக் காபி கொடுக்கிறார்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் போலீஸ் கதைகள். அமெரிக்காவில் 1949இல் வானொலியில் தொடங்கிய துப்பறியும் தொடர் 'டிராக்நெட்'. ஜாக் வெப் கதாநாயகன். அவருடைய கூட்டாளி ரொமேரோவாக வந்தவர் பார்டன் யார்பரோ. 1951 டிசம்பர் 16ஆம் தேதி இந்தத் தொடர் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் வந்தது. மூன்றாம் நாள் யார்பரோ மாரடைப்பால் இறந்துபோனார். வெப் அதை மூடி மறைக்கவில்லை. வானொலிக் கதையில் ரொமேரோவும் மாரடைப்பில் இறந்தார்; நேயர்களும் சேர்ந்து துக்கம் காத்தார்கள். பிறகு கூட்டாளி நாற்காலியில் வெவ்வேறு நடிகர்கள் உட்கார்ந்து பார்த்து, கடைசியில் பென் அலெக்சாண்டர் நிலைத்தார்.

'பெரி மேசன்' தொடரில் போலீஸ் அதிகாரி டிராக் வேடத்தில் நடித்தவர் ரே காலின்ஸ். அவரும் வானொலி நாடகத்தில் ஊறியவர். உடம்பு முடியாமல் 1964 தொடக்கத்தோடு அவர் நடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு அதிகாரிகள் அந்த வேலையைப் பார்த்தார்கள். ஆனாலும் தொடக்கத்தில் வரும் பெயர் வரிசையிலிருந்து காலின்ஸின் பெயரை எடுக்கவில்லை. வீட்டில் படுத்தபடி அவர் தொடரைப் பார்ப்பார், பெயர் இல்லையென்றால் மனம் உடைந்துவிடுவார் என்பதற்காக வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். 1965 ஜூலையில் அவர் காலமானார்.

எல்லா மாற்றமும் இப்படி ஈரத்தோடு நடப்பதில்லை. 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்கள், பெண்களைக் கொண்டுவாருங்கள் என்று சேனல் நெருக்கியது. 1993இல் டான் ஃப்ளோரெக், ரிச்சர்ட் புரூக்ஸ் என்ற இரண்டு நடிகர்களும் வெளியே போனார்கள். உள்ளே வந்த நடிகை எபாதா மெர்க்கர்சன் 2010 வரை போலீஸ் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை!

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம், நேயர்களே. இந்தக் கதைகளில் ஆள் போனால் புதுப் பெயரில், புதுப் பாத்திரமாக வேறொருவர் வருகிறார். காரணம் எளிது. போலீஸ் ஸ்டேஷனில் மாற்றல் உண்டு. இன்ஸ்பெக்டர் போனால் வேறு இன்ஸ்பெக்டர் வருவார், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். துப்பறிவாளரின் உயிர்நண்பனுக்கு மாற்றல் உத்தரவு போட முடியுமா? பிரிட்டனில் கிரானடா நிறுவனம் எடுத்த ஷெர்லக் ஹோம்ஸ் தொடரில் இந்தச் சிக்கல் வந்தது. வாட்சனாக நடித்த டேவிட் பர்க், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று மேடை நாடகத்துக்குப் போய்விட்டார். 1986இல் எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். அதே வாட்சன், வேறு முகம். நம் தூர்தர்ஷனில் 1985இல் 'கரம்சந்த்' வந்தது. பங்கஜ் கபூர் கேரட் கடித்துக்கொண்டே துப்புத் துலக்குவார், உதவியாளர் கிட்டியாக சுஷ்மிதா முகர்ஜி. 2007இல் அந்தத் தொடர் மறுபடி வந்தபோது கபூர் அதே கபூர். கிட்டி மட்டும் சுசேதா கன்னா.

மாற்றல் என்றதும், இப்போது மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. பல வருடங்களுக்கு முன் அவர் பாம்பன் பக்கம் ஒரு வானொலி நாடகத் தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஏட்டையா வேடம் போட்டவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒலிப்பதிவு தொடங்கியது ஏப்ரலில், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில் கிடக்கும். ஆள் தினமும் நேரத்துக்கு வந்துவிடுவார். ஜூன் நடுவில் தடை முடிந்தது. ஏட்டையா வலையோடு கிளம்பிவிட்டார். எத்தனை தடவை ஆள் அனுப்பியும், "மொதல்ல மீனு, அப்புறந்தான் நாடகம்" என்பதே பதில். வேறு வழியில்லாமல் பரமக்குடிக்காரர் ஒருவரைப் பேச வைத்தார்கள்.

அடுத்த வாரமே தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை: "ஏட்டையா எப்பய்யா பரமக்குடிக்காரர் ஆனாரு?"

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மறுவாரம் கதையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: பழைய ஏட்டையாவுக்கு மண்டபம் ஸ்டேஷனுக்கு மாற்றல். அஞ்சலட்டை நின்றது.

இந்தத் தந்திரம் குடும்ப சீரியலில் பலிக்காது. பெண்டாட்டியை மண்டபத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே அதே பெயர், அதே வீடு, அதே தாலி. முகம் மட்டும் வேறு. தமிழ் சீரியல்களில் பலருக்கு டப்பிங் குரல் என்பதால், முகம் மாறினாலும் குரல் அதுவாகவே இருந்து பல நேரங்களில் காப்பாற்றிவிடும். முகமும் குரலும் ஒரே ஆளுடையது என்றால்தான் சிரமம். அந்தச் சிரமம் முழுசாக வந்த இடம் 'எதிர்நீச்சல்'.

திருச்செல்வம் இயக்கிய அந்தத் தொடர் 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. கதாநாயகி ஜனனி. ஆனால் தெருவெல்லாம் பேசியது ஆதி குணசேகரனைப் பற்றி. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து, 'கண்ணும் கண்ணும்' படத்தை இயக்கிய மாரிமுத்துதான் அந்தக் குணசேகரன். வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆணாதிக்கக்காரனின் வேடம். அவர் "இந்தாம்மா ஏய்" என்று அதட்டியதை, திட்ட வேண்டிய ஜனங்களே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, சென்னையில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றே காலமானார்.

தினசரித் தொடர் நிற்காது. குணசேகரன் இல்லாமலும் அந்தக் கதை நகராது. குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கதையைத் திருப்பினார்கள். சில வாரம் கழித்து அந்த வேடத்தில் வந்து நின்றவர், நேயர்களே, நம்ம ஊர்க்காரர். கமுதி பக்கம் பெருநாழியைச் சேர்ந்த எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. ராணுவத்தில் இருந்தவர், அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர், 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர். 2013இல் 'மதயானைக் கூட்டம்' படம் அவர் மீசையையும் கண்ணையும் தமிழ்நாடு முழுக்கக் காட்டிக்கொடுத்தது.

அவர் செய்த நல்ல காரியம், மாரிமுத்து மாதிரி பேசிப் பார்க்காததுதான். மாரிமுத்துவின் குணசேகரன் நக்கல்காரர், வார்த்தையாலேயே குத்துவார். வேல ராமமூர்த்தி வந்ததும் அந்த வீட்டில் சத்தம் குறைந்து பயம் கூடியது. பெருநாழி மண்ணின் கனத்த பேச்சு, பார்வையில் ஓர் அரிவாள். "பழைய ஆள் மாதிரி வருமா?" என்று முதலில் அலுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு 2024 ஜூனில் தொடர் முடியும்வரை அவர் நின்றார். அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது நாயகி ஜனனியே மதுமிதாவிலிருந்து பார்வதியாக மாறிவிட்டார். குணசேகரனாக வேல ராமமூர்த்திதான் தொடர்ந்தார். மாற்று ஆளாக வந்தவர் நிலைத்தார், நாயகி மாறினார்!

நேரம் நெருங்குகிறது. மற்றக் காரணங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2020இல் கொரோனா ஊரடங்கு முடிந்து படப்பிடிப்பு தொடங்கியபோது பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வர வேண்டிய பலரால் வர முடியவில்லை. பல தொடர்களில் ஆள் மாறியது. அந்த ஆண்டில்தான் 'சித்தி 2' தொடரில் பொன்வண்ணன் இடத்துக்கு நிழல்கள் ரவி வந்தார். இவை தவிர சினிமா வாய்ப்பு, கால்ஷீட் தகராறு, சம்பளம், பிரசவம், இயக்குநரோடு மனக்கசப்பு என்று பட்டியல் நீளும். துணை நடிகருக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. நாயகி போனால் விளம்பரமே போய்விடும் என்று தயாரிப்பாளர் கெஞ்சிப் பார்ப்பார். மாமா வேடக்காரர் வரவில்லை என்றால், மறுநாள் காலை ஏழு மணிக்கு மேக்கப் அறையில் வேறொரு மாமா உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு முந்தைய ஆளின் சட்டை, முந்தைய ஆளின் வசனம், முந்தைய ஆளின் மீதான ஜனங்களின் பாசம் எல்லாம் ஒரே நாளில் தலையில் விழுகின்றன. ஆகவே நேயர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திரையின் அடியில் அந்த வரி வரும்போது ரிமோட்டைத் தேடாமல், புது ஆளுக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்துப் பாருங்கள்.