பறிக்க முதல் விலை கேளுங்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி துப்புரவாக்கி, கிணறு இறைத்து, வேலி அடைத்து இப்போதுதான் முதல் பயிரை வைத்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் இந்தப் பிள்ளை இணையம் பற்றிக் கதைக்க வந்திருக்கிறதே என்று நினைப்பீர்கள்.

எனது அப்பாவும் தோட்டக்காரர்தான். ஒரு வருடம் பூசணி நன்றாகக் காய்த்தது. படலைக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தார். தம்புள்ளைச் சந்தையில் என்ன விலை போகிறது என்று கேட்க அப்போது வழியில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பாதி விலைக்குக் கொடுத்தது தெரியவந்தது. அம்மா அன்று சமைக்கவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கதையல்ல. 1997 ஜனவரியில் ஒரு நாள், கேரளாவின் வடகரைக் கரையில் 11 பேர் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்ட இருந்தார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். கைத்தொலைபேசி வந்தபின் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, தேவையான கரைக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள். தொழிலாளரின் இலாபம் 8 வீதம் கூடியது. வாங்குபவர்களுக்கு விலை 4 வீதம் குறைந்தது. ரொபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்து எழுதினார். மீனைப் போலத்தான் கத்தரியும் தக்காளியும். அன்றன்றைக்கு விற்காவிட்டால் நட்டம்.

இன்று உங்கள் பிள்ளைகளின் கையில் அதைவிட வசதியான தொலைபேசி இருக்கிறது. அதில் செய்யக்கூடியவை சில:

பறிப்பதற்கு இரண்டு நாள் முதலே விலை பாருங்கள். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனம் சந்தை விலைகளைத் திரட்டி இணையத்தில் வெளியிடுகிறது. அந்த விலையில் ஏற்றுக்கூலி, கழிவு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துவிட்டு வியாபாரியோடு பேசுங்கள்.

இலையில் நோய் கண்டால் படம் எடுத்து உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புங்கள். இணையம் இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

வீடியோவில் சொன்ன மருந்தை உடனே வாங்கி அடிக்க வேண்டாம். இந்தியாவில் விற்கப்படும் பரகுவாட் என்ற களைநாசினி இங்கே தடைசெய்யப்பட்டது. அங்குள்ள பருவமும் எங்கள் பெரும்போகமும் ஒன்றல்ல.

ஒன்றை மறைக்க மாட்டேன். விதைக்கும் பசளைக்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தால், சந்தை விலை தெரிந்தும் வாய் திறக்க முடியாது. விளைச்சல் அவருக்குத்தான் போகும். ஆகவே முற்பணம் வாங்கும் அன்றே விலையைப் பேசிக்கொள்ளுங்கள். 'அன்றைய சந்தை விலையில் இவ்வளவு குறைத்து' என்று ஒரு துண்டிலாவது எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். முடிந்தால் கமக்காரர் அமைப்பினூடாக நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு லொறி பிடியுங்கள். ஒரு மூட்டைக்காரருக்குக் கிடைக்காத விலை ஒரு லொறிக்குக் கிடைக்கலாம்.

சில இடங்களில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் ஏற வேண்டியதில்லை. ஒழுங்கைக்கு ஒரு பிள்ளை பின்னேரத்தில் விலையைப் பார்த்து வந்து, பொதுநோக்கு மண்டபப் பலகையில் எழுதட்டும். தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் அம்மாமார் சந்தைவரை அலையாமல் அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை காலை படலைக்கு வியாபாரி வந்தால், விலையை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.