துப்பாக்கி மருந்தும் குண்டும்

(மதுரை சிம்மக்கல்லில் கூடிய குடியானவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



கிணறு, விதை, எரு, ஆடுமாடு முதலிய விஷயங்களைக் கேட்டுப் பழகிய இக்கூட்டத்தில் ஒருவன் துப்பாக்கியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அழகர்மலை அடிவாரத்திலும், சிறுமலைச் சாரலிலும், பேரையூர், சாப்டூர்ப் பக்கங்களிலும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் பயிரிடுவோர் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு கொல்லையைக் கிளறி நாசஞ்செய்வதை நான் உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. பயிர்க்காவலுக்கென்று பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கியை உரிமத்துடன் வைத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. அத்துப்பாக்கியினால் பன்றிக்கு நேரும் அபாயத்தைக் காட்டிலும், அதைக் கெட்டிப்பவருடைய கைக்கும் கண்ணுக்கும் நேரக்கூடிய அபாயம் பெரிது. அதன் காரணத்தையே இன்று சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

மருந்து வேறு, குண்டு வேறு என்று நாம் எண்ணுகிறோம். மருந்து அதிகமானால் குண்டு தூரம் போகும், குண்டு பெரிதானால் அடி பலமாக விழும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் இவ்விரண்டும் வண்டியில் பூட்டிய ஜோடி மாடுகளைப் போன்றவை. ஒன்றை மாற்றினால் மற்றொன்றையும் பார்த்தே மாற்றவேண்டும். எவ்விதமெனில், மருந்து தீப்பற்றியவுடன் ஆவியாக விரிகிறது. அந்த ஆவி விரிவதற்கு இடம் கொடுப்பது, முன்னே நகர்ந்து செல்லும் குண்டுதான். குண்டு கனமாக இருந்தால் மெதுவாக நகரும். இடம் தாமதமாகக் கிடைக்கும். குழலின் அடியில் அழுத்தம் ஏறும். மருந்தோ, அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும் குணமுடையது. ஆதலால் கனத்த குண்டின் பின்னால் விரைந்து எரியும் மருந்தை வைத்தால், குண்டு கிளம்புமுன் குழல் பிளந்துவிடக்கூடும். இலேசான குண்டின் பின்னால் மெதுவாக எரியும் மருந்தை வைத்தால் வேறு விதமான தோல்வி உண்டாகும். மருந்து எரிந்து முடியுமுன் குண்டு வெளியேறிவிடும். எரியாத பொடி குழலில் தங்கும். ஒரு குண்டு போன இடத்தில் மறு குண்டு போகாது.

இனி மருந்தின் ஜாதிகளைப் பார்ப்போம். நாட்டுத் துப்பாக்கிக்கு உரியது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த இது நூற்றாண்டுகளாக உலகெங்கும் வழங்கியது. இதன் வேகத்தைப் பெரும்பாலும் மணியின் பருமனே நிர்ணயிக்கிறது. பருமணி மெதுவாக எரியும். நுண்மணி விரைவாக எரியும். ஆகையால் அகலமான குழலுக்குப் பருமணியும், சிறு குழலுக்கு நுண்மணியும் ஏற்பட்டன. எரிந்த கருமருந்தில் பாதிக்குமேல் ஆவியாகாமல் புகையாகவும் கசடாகவும் நின்றுவிடுகிறது. அந்தக் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். சுட்ட அன்றைக்கே வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவவேண்டும் என்பது இதனாலேதான். மறுநாள் பார்த்துக்கொள்வோம் என்பவருடைய துப்பாக்கி இரண்டு மழைக்காலத்தில் அரித்துப் போகும்.

இரண்டாவது ஜாதி புகையில்லா மருந்து. 1884-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து விய்யேல் என்பவர் இதை உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். 1887-இல் நோபல் பாலிஸ்டைட்டையும், 1889-இல் ஆங்கிலேயர் கார்டைட்டையும் கண்டனர். கயிறு போன்ற குச்சிகளாக இருந்ததால் கார்டைட் என்ற பெயர் வந்தது. நமது நீலகிரி ஜில்லாவில் அருவங்காட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது இந்தக் கார்டைட்டைச் செய்வதற்காகவே. புகையில்லா மருந்தைக் குச்சியாகவும், தகடாகவும், உருண்டையாகவும் செய்து, மேலே பூச்சும் கொடுத்து, இன்ன வேகத்தில் எரியவேண்டும் என்று முன்னதாகவே அமைத்துவிடுகிறார்கள். கைத்துப்பாக்கிக்கும் ரவைத் துப்பாக்கிக்கும் விரைவாக எரியும் வகை. பெரிய கூடும் கனத்த குண்டும் உள்ள ரைபிளுக்கு மெதுவாக எரியும் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவிலுள்ள மருந்தை எப்பேர்ப்பட்ட நிபுணரும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல இயலாது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு இங்கேதான் நேருகிறது. சற்று விரிவாகவே சொல்லுகிறேன். 12-ஆம் நம்பர் ரவைத் துப்பாக்கிக்குக் கருமருந்து 3 டிராம் என்பது பழைய வழக்கு. அது ஏறக்குறைய 82 கிரெயின் எடை. (நமது பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் என்று வைத்துக்கொள்ளலாம்.) புகையில்லா மருந்து வந்த புதிதில், ஷூல்ட்ஸ் முதலிய சில வகைகளைக் கருமருந்துக்கு உபயோகித்த அதே அளவைக் குப்பியால் அளக்கும்படி செய்திருந்தார்கள். அதே குப்பி நிறைய எடுத்தாலும் எடை 42 கிரெயின்தான் இருந்தது. ஜனங்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. பின்னால் அதுவே விபரீதமாயிற்று. ஏனெனில் பாலிஸ்டைட் போன்ற அடர்த்தியான மருந்துகளுக்கு அந்தக் குப்பி பொருந்தாது. அவற்றில் கருமருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதுமானது. பழைய குப்பியை நிரப்பிப் போட்டவர்களின் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. இன்றைக்கும் தோட்டாப் பெட்டியின்மேல் டிராம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். உள்ளே அத்தனை டிராம் மருந்து இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. அத்தனை டிராம் கருமருந்து தரும் வேகத்தை இது தரும் என்பதே அர்த்தம். தோட்டாவைப் பிரித்து, அதிலுள்ள மருந்தை நாட்டுத் துப்பாக்கியில் கொட்டிச் சுடுபவர், தம் முகத்துக்கு நேரே வெடிகுண்டைப் பிடித்திருப்பவரேயாவார். நாட்டுத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடலாகாது. சிவகாசிப் பட்டாசைப் பிரித்தெடுத்த மருந்தும் அவ்வாறே. அது ஓசைக்கும் ஒளிக்கும் கூட்டியதேயன்றிக் குழலுக்காகக் கூட்டியதன்று.

நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதிலுள்ள வேறு இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, குண்டு மருந்தின்மேல் படியாமல் நடுக்குழலில் நின்றுவிடுவது. கசடு படிந்த குழலில் இது சகஜம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால், ஆவி அங்கே வேகங்கொண்டு வந்து குண்டில் மோதும். அவ்விடத்தில் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். இரண்டாவது, கெட்டித்திருப்பதை மறந்து மறுபடியும் கெட்டிப்பது. இருட்டில், பரணின்மேல், அரைத்தூக்கத்தில் இது எவருக்கும் நேரக்கூடியது. இவ்விரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. கெட்டிக்கும் கோலில் இரண்டு கீறல்கள் இடவேண்டும்: காலிக்குழலில் கோல் நிற்கும் அளவுக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த குழலில் நிற்கும் அளவுக்கு ஒன்று. கோலைச் செருகிப் பார்த்தால் எந்நேரமும் உண்மை தெரிந்துவிடும். மருந்துக் குடுக்கையிலிருந்து நேரே குழலில் கொட்டுவதும் கூடாது. முந்தைய வேட்டின் நெருப்புப் பொறி அடியில் இருந்தால் குடுக்கை முழுவதும் கையில் வெடிக்கும். சிறு அளவையில் எடுத்துப் பின்பே கொட்டவேண்டும்.

நிற்க. ரைபிளின் விஷயத்துக்கு வருவோம். 12-ஆம் நம்பர் என்பதே குண்டின் கணக்குத்தான்: ஒரு ராத்தல் ஈயத்தில் குழலுக்குச் சரியான 12 உருண்டைகள் வார்க்கலாம் என்று பொருள். கருமருந்தின் வேகத்துக்கு வெறும் ஈயம் போதுமானதாக இருந்தது. புகையில்லா மருந்தின் வேகத்தில் ஈயம் குழலின் முறுக்குப் பள்ளங்களைப் பற்றாமல் வழுக்கிப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. ஆகவே செம்புக் கலப்பு உலோகத்தால் குண்டுக்கு உறை போட்டார்கள். மூக்கில் ஈயம் தெரிய விட்டது மிருகத்தின் உடலில் விரியும். மான், புலி முதலியவற்றுக்கு அது உபயோகப்பட்டது. முழுவதும் உறையிட்டது ஊடுருவிச் செல்லும். யானைக்கும் காட்டெருமைக்கும் அதைக் கொண்டார்கள். இவ்விதம் விரியும் குண்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையின் பெயரால் உலகப் பிரசித்தி பெற்றன. 1899-ஆம் வருஷத்து ஹேக் மகாநாடு அவற்றை யுத்தத்தில் விலக்கிற்று. குண்டின் நீளமும் கவனிக்கவேண்டியதே. நீண்ட குண்டு நேராகப் பறக்க, பள்ளத்தின் முறுக்கு நெருக்கமாக இருக்கவேண்டும்; முறுக்குத் தளர்ந்த பழைய குழலில் அது குப்புறப் புரண்டு போகும்.

மருந்தை மாற்றினால் குழலையும் மாற்ற நேரும் என்பதற்கு .303 ரைபிள் நல்ல உதாரணம். 1888-இல் அது கருமருந்துடன் பிறந்தது. சில வருஷங்களில் கார்டைட்டை வைத்தார்கள். குண்டின் எடை அதே 215 கிரெயின்தான். ஆயினும் கார்டைட்டின் உஷ்ணம் ஆழமில்லாத பழைய பள்ளங்களைத் தின்றுவிட்டது. 1895-இல் வேறு விதப் பள்ளம் வெட்டவேண்டியதாயிற்று. ராஜாங்கத்தின் தொழிற்சாலைக்கே இந்தப் பாடு என்றால் தனி மனிதன் பாட்டைக் கேட்க வேண்டுமோ?

குண்டை மாற்றிப் போடும் வித்தையை அக்காலத்துச் சர்க்கார் நன்கு அறிந்திருந்தது. .450 அளவு வேட்டை ரைபிள்களை 1907 வாக்கில் இந்தியாவில் தடுத்தார்கள். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு அந்தக் குண்டுகள் பொருந்தும், கலகக்காரர் கையில் சேரும் என்ற பயமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். துப்பாக்கி வியாபாரிகள் உடனே .465, .470 என்று புது அளவுகளைப் படைத்து விற்றார்கள்! பின்னாளில் நம் தேசத்தில் வழங்கிவந்த .315 ரைபிளும், ராணுவத் தோட்டா பொருந்தாத அளவாகத் தேர்ந்தெடுத்ததே.

நமது சீமைக்கே உரிய மற்றொரு விஷயம் வெயில். மதுரையில் சித்திரை வைகாசியில் 40 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் அபூர்வமன்று. தகரக் கூரையின் கீழும், மூடிய மோட்டார் வண்டியினுள்ளும் அதற்கு மேலும் ஏறும். சூடேறிய மருந்து வேகமாக எரியும். கார்டைட்டுக்கு இந்தக் குணம் மிகுதி. இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த அளவு இந்திய வெயிலில் கூட்டை அறைக்குள் இறுகச் செய்தது. வேட்டைக்காரன் தோட்டாக் கூட்டைக் கழற்ற முடியாமல், காயம்பட்ட மிருகத்தின் முன் நிற்க நேர்ந்தது. ஆகவே உஷ்ண தேசங்களுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். இக்காலத்து மருந்துகளில் சிலவற்றுக்கு இந்தத் தோஷம் குறைவு. எனினும் தோட்டாவை நிழலில் வைத்துக் காப்பது இன்றும் விதியே.

கைப்படத் தோட்டா நிரப்புவது அனுமதிக்கப்பட்டுள்ள அயல்தேசங்களில் அனுசரிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மருந்து செய்பவர் வெளியிடும் அட்டவணையில், இன்ன கூடு, இன்ன எடைக் குண்டு, இன்ன மருந்து என்று மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதில் கண்ட உச்ச அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, தராசில் நிறுத்து நிறுத்துச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். கேப்பு தட்டையாக நசுங்குவதும், கூடு கழலாமல் இறுகுவதும் அபாயக் குறிகள். அவற்றைக் கண்டவுடன் நிறுத்திவிடுவார்கள். குண்டை மாற்றினால் மறுபடியும் அடியிலிருந்தே தொடங்குவார்கள். எடை மாறாமல் வேறு கம்பெனிக் குண்டானாலும் அப்படியே. கூட்டினுள் குண்டைச் சற்று ஆழமாக அமுக்கினாலும் இடம் குறைந்து அழுத்தம் ஏறும் என்பதை அவர்கள் மறப்பதில்லை. அவர்கள் தேடுவது மிக வேகமான தோட்டாவை என்று எண்ணவேண்டாம். ஒரே இடத்தில் விழும் தோட்டாவையே தேடுகிறார்கள். அது பெரும்பாலும் உச்ச அளவுக்குக் கீழேதான் கிடைக்கிறது.

நமது தேசத்தில் நிலைமை வேறு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிர்க்காவலின் பொருட்டு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற இடந்தருகிறது. ஆயினும் துப்பாக்கி உரிமம் மிருகத்தைச் சுட அனுமதியாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. கௌதாரியும் காடையும் பிடித்துப் பிழைத்துவந்த நரிக்குறவருடைய தொழிலும் அதனோடு போயிற்று. இது தனியே பேசவேண்டிய பெரிய விஷயம். காட்டுப்பன்றியைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் கூண்டில் பிடித்துக் காட்டில் விடப்படும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவர். ஆகையால் சேதம் கண்டவர் தேடிப் போகவேண்டியது வன அலுவலகத்தை. அவுட்டுக்காய் என்னும் வெடியைப் பழத்திலும் மாவிலும் பொதிந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று தின்னும், பசு தின்னும், விளையாடும் பிள்ளை கையில் எடுக்கும். அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

மேஜையின்மேல் ஒரே அளவான இரண்டு குப்பிகளை வைத்திருக்கிறேன். ஒன்றில் உப்பும், மற்றொன்றில் பொரியும் இருக்கின்றன. பொற்கொல்லர் தராசு ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அளவைக்கும் எடைக்கும் உள்ள வேற்றுமையை நீங்களே நிறுத்துப் பார்க்கலாம். கீறலிட்ட கோலும் அங்கே இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும், கேப்பில்லாமல், குழலின் வாயைத் தம் முகத்துக்கு நேரே பிடிக்காமல், கோலைச் செருகி அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காலத்திலோ கெட்டித்து மறந்த மருந்து உள்ளே இருப்பதாகத் தெரிந்தால், தாமாக எடுக்க முயலாமல் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் ஒப்புவிக்கவேண்டும்.