விளக்கணைத்த கூடத்தில்



பாட்டில்லாப் படத்திற்கு யார் வருவார் என்று நம் காலனியில் வினவுகின்றனர். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1954இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டின்றியே எடுத்தார். 1970இல் ‘நடு இரவில்’ தந்து நடுங்கவும் வைத்தார். ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய விருது பெற்றும் கொட்டகைகளில் நிலைக்கவில்லை. அத்தகைய படங்களுக்குப் புகலிடம் சிறு கூடங்களே. இந்நகரில் 1974இல் தோன்றிய ஹைதராபாத் பிலிம் கிளப்பும், 2010இல் பஞ்சாரா ஹில்ஸில் திறந்த லாமகானும் அவ்வாறு இடமளித்தவை.

நம் சங்கம் ‘நடு இரவில்’ திரையிட்ட மாலையில் ஒன்பது நாற்காலிகளே நிறைந்தன. அவற்றிலும் ஆறு பிள்ளைகளுடையவை! அவர்கள் அலறி மகிழ்ந்தனர். பெரியோர் வீட்டிலேயே அஞ்சியிருந்தனர் போலும். முப்பது பேரேனும் வாராவிடில் கூட வாடகை கட்டாது, திரையிடல் நின்றுவிடும். அடுத்தது ‘அந்த நாள்’. விளக்கணைக்க யாம் ஆயத்தம்.