நடுவயதும் நல்லோட்டமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகாப்பியாசம் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். இப்பொருளை எடுத்தவுடன், அது வாலிபர்க்கு உரியது என்று பெரியோர் எண்ணுவர். வாலிபரோ, ஓடியாடித் திரியும் தமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ என்று நினைப்பர். இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்போர், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட நாமே. பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியோடு ஓட்டத்துக்கு விடை கொடுத்தோம். உத்தியோகம் வந்தது, விவாகம் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னர் வயிறும் வந்தது. அதனைச் செல்வத்தின் அறிகுறி என்று ஊரார் புகழ, நாமும் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஆனால் நம் இனத்தார் உடம்பின் தன்மை வேறு. மேனாட்டார் தாங்கும் பருமனை நாம் தாங்குவதில்லை. மெலிந்த கையும் காலும் உடையவரிடத்தும் வயிற்றினுள்ளே கொழுப்புத் திரண்டு, நீரிழிவையும் இருதய நோயையும் விரைவில் கொண்டுவருகின்றது. ஆதலால் தெற்காசிய ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே எச்சரிக்கை வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வரையறுத்திருக்கின்றது. இன்றிரவே வீட்டில் தையல் நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். நம்முள் பலருக்கு அந்த எண் சற்றுத் திகைப்பைத் தரும்.

உட்கார்ந்த வாழ்க்கை என்ன செய்யும் என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரித்தானிய வைத்தியர் ஜெரி மொறிஸ். இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் இருவர் வேலை செய்தனர். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் இருப்பார். கொண்டக்டரோ மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பார். இருவரும் ஒரே வர்க்கத்தினர், ஒரே நகரத்தினர். எனினும் சாரதிகளுக்கே இருதய நோய் கூடுதலாக வந்தது என்பதை 1953இல் அவர் வெளியிட்டார். சில ஆண்டுகளின் பின், இருவருக்கும் தைத்த சீருடைகளின் அளவையும் ஆராய்ந்தார். சாரதிகளின் காற்சட்டை இடுப்பே பெருத்திருந்தது. மொறிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாமல் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

படி ஏறுவதற்கே இத்தனை பலன் என்றால், ஓடுவதற்கு எத்தனை என்று கேட்கலாம். நடுவயதினர் மெல்லோட்டம் என்னும் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது நியூசிலாந்திலிருந்து. அந்நாட்டு ஒக்லாந்து நகரில் ஆதர் லிடியார்ட் என்பவர் இருந்தார். சப்பாத்துத் தொழிலைச் சார்ந்தவர். அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல், மரி ஹால்பேர்க் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றனர். அதே லிடியார்ட், 1962இல் தொந்தி வைத்த வியாபாரிகளையும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும் கூட்டிச் சேர்த்து ஓடப் பழக்கினார். மாரடைப்பு வந்தவர் படுக்கையில் கிடக்கவேண்டும் என்பதே அக்கால எண்ணம். ஆதலால் இது பெருந்துணிவு.

அக்காலத்தில் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே விருந்தாளியாகச் சென்றார். வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறரை ஓட வைப்பவர் தாம் ஓடுவதில்லை. ஒரு ஞாயிறு காலை லிடியார்டின் கூட்டத்தோடு புறப்பட்டவர், சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கினார். எழுபது வயதைக் கடந்த, இருதய நோய் கண்டிருந்த முதியவர் ஒருவர் அவருக்கு இரங்கி, அவரோடு பேசிக்கொண்டே மெதுவாக ஓடிவந்தாராம். பவர்மன் அங்கிருந்த சில வாரமும் விடாது பழகினார். தாய்நாடு திரும்பி அயலாரையும் பழக்கி, ஓர் இருதய வைத்தியரோடு சேர்ந்து 1967இல் மெல்லோட்டம் பற்றி நூலும் எழுதினார். உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகமே சரியான வேகம் என்பது அவர்கள் வகுத்த விதி. மூச்சிரைத்துப் பேச்சு நின்றால் நடக்கவேண்டும்.

பருத்த உடம்பும் இதனால் திருந்துமா என்று ஐயுறுவோர் ஜெர்மன் அரசியலாளர் யொஷ்கா ஃபிஷரின் வரலாற்றை அறியவேண்டும். 1996இல் அவருக்கு வயது 48, எடை 112 கிலோ. அப்பொழுது நாடாளுமன்றம் பொன் நகரில் இருந்தது. அங்கே றைன் நதிக்கரையில் ஓடத் தொடங்கினார். உணவை அடியோடு மாற்றினார், மதுவை விட்டார். ஓராண்டளவில் 75 கிலோவுக்கு இறங்கினார். 1998இல் ஹம்பேர்க் நகரில் 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மரதன் ஓட்டத்தை நாலு மணித்தியாலத்துக்குள் முடித்தார். அவ்வாண்டிலேயே வெளிநாட்டமைச்சரும் ஆனார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பதவியின் பாரத்தில் ஓட்டம் குறைந்தது, எடையும் திரும்பி வந்தது. உடம்பு பழைய எடையை மறப்பதில்லை. ஆகவே ஆறு மாதத்து ஆவேசத்தால் பயனில்லை. ஆயுள் முழுதும் தாங்கக்கூடிய அளவையே நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

இங்கே ஒரு கணக்கும் சொல்லவேண்டும். 80 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 400 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பிலோ 7,700 கலோரி வரை அடங்கியிருக்கின்றது. வாரம் மூன்று நாள் ஓடுபவர் ஓட்டத்தால் மட்டும் ஒரு கிலோ குறைக்க ஆறு வாரத்துக்கு மேல் வேண்டும். ஓடிவந்த களைப்புத் தீர, பாலும் சீனியும் கலந்த தேத்தண்ணீரோடு நாலு வடையும் தின்றால் ஓடியதெல்லாம் வீணே. எனவே எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பையில்தான் நிகழும். சோற்றைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் மரக்கறியையும் கூட்டுக. தேத்தண்ணீரில் சீனியை ஒழிக்க. புட்டும் இடியப்பமும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் முறை கோப்பையை நீட்டாதிருப்பதே போதும். முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் காட்டும் நெறியன்றோ?

அப்படியானால் ஓட்டம் எதற்கு? எடை இறங்காத வாரத்திலும் அது தன் வேலையைச் செய்கின்றது. இயங்கும் தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரத்த அழுத்தம் தணியும், வயிற்றினுட் கொழுப்புக் கரையும், நித்திரை நன்றாக வரும்.

இனி எச்சரிக்கை. அமெரிக்க எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ் 35ஆம் வயதில் ஓடத் தொடங்கியவர். அப்பொழுது 200 றாத்தலுக்கு மேற்பட்ட எடை, நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட். இரண்டையும் வென்றார். 1977இல் அவர் எழுதிய ஓட்ட நூல் இலட்சக்கணக்கில் விலைப்பட்டது. அவரே 1984இல், 52ஆம் வயதில், ஓடப்போன இடத்தில் மாரடைப்பால் மாண்டார். இருதயக் குழாய்கள் அடைபட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அவருடைய தந்தையாருக்கு 35ஆம் வயதிலேயே மாரடைப்பு வந்தது, 43ஆம் வயதில் உயிர் போயிற்று. ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்று சிலர் சொல்வர். தந்தையைவிட ஒன்பதாண்டு கூடுதலாக அவர் வாழ்ந்தார் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். எனினும் நாம் பெறவேண்டிய பாடம் தெளிவு. குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பவர் ஆகியோர் முதலில் வைத்தியரிடம் செல்லுக. இன்சுலின் ஏற்றுவோர் அதன் அளவையும் கேட்டறிக. ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடை நோவெடுத்தாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, உடனே நின்று உதவி தேடுக. நாளைக்குப் பார்ப்போம் என்ற சொல்லால் எத்தனை வீடுகள் விளக்கிழந்தன!

தொடங்கும் முறை எளிது. முதல் நாலு வாரம் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் போதும். பின்னர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கவேண்டும். இவ்வாறு ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று மாதத்தில் இருபது நிமிடம் நில்லாமல் ஓடலாம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. ஓடும்போது ஒவ்வோர் அடியும் உடம்பின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தைக் காலில் ஏற்றுகின்றது. இருதயம் விரைவில் பழகும். மூட்டும் தசைநாரும் மெதுவாகவே பழகும். ஆதலால் அவசரம் ஆகாது. நல்ல சப்பாத்து வேண்டும். நமது வெயிலுக்கு விடியற்காலையே உகந்தது. கோயிலின் வெளிவீதி மணலும் கடற்கரையும் நமக்கு வாய்த்த மைதானங்கள். தெருநாய்க்கு அஞ்சுவோர் துணையோடு செல்லுக.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வெட்கமே. ஐம்பது வயது ஆசிரியர் ஒருவர் காற்சட்டையோடு தெருவில் ஓடினால், "மாஸ்டருக்கு என்ன பிடித்தது?" என்று படலையில் நின்று கேட்கும் ஊர் நம் ஊர். பெண்களுக்கோ இத்தடை பன்மடங்கு. நீரிழிவு ஆண், பெண் பார்த்து வருவதில்லை. வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துத் தம் உடம்பைப் பாராத தாய்மாரே நம்மிடையே அதிகம். விடியற்காலை ஒரு மணி நேரம் அடுக்களையை மற்றவர் ஏற்றுக்கொண்டால், அவர்களும் வெளியே வரலாம்.

இளைஞர்களே, இங்கேதான் உங்கள் தொண்டு வேண்டும். தனியே ஓடும் பெரியவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். பத்துப்பேர் கூடி ஓடினால் ஊர் வழிவிடும், சில நாளில் தானும் சேரும். வாரம் மூன்று நாள், காலை ஐந்தரை மணிக்கு, உங்களில் இருவர் முறைவைத்துச் சங்க வாயிலில் நில்லுங்கள். வருகின்ற மாமாவையும் மாமியையும் அழைத்துக்கொண்டு, அவர்கள் வேகத்துக்கு நீங்கள் இறங்கி, பேசிக்கொண்டே செல்லுங்கள். ஒக்லாந்தில் ஒரு முதியவர் ஐம்பது வயதினருக்குச் செய்த உபகாரத்தை இங்கே நீங்கள் முதியோருக்குச் செய்வீர்கள்.

பெரியோர்களே, பிள்ளைகளுக்குக் காணியும் கல்வியும் தேடிவைக்கின்றோம். அவர்கள் விவாகத்தின்போதும், பேரப்பிள்ளையின் ஏடு தொடக்கலின்போதும், நாமும் கால் ஊன்றி அங்கே நிற்கவேண்டாமா? வருகின்ற திங்கட்கிழமை காலை வாயிலில் சந்திப்போம்.