கூட்டம் தொடங்குமுன் ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. உங்களில் பலர் இவற்றில் உறுப்பினராக இருப்பீர்கள்.

கூட்டம் எப்படி நடக்கிறது? முன்னால் உட்கார்ந்த நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். "நமக்கென்ன தெரியும்?" என்று கடைமடைக்காரர் வாயே திறக்கமாட்டார். ஆனால், புகையான் முதலில் இறங்கியது அவர் வயலாக இருந்தால்? களையெடுக்கப் போன பெண்கள் பயிரின் தூரில் பூச்சியைப் பார்த்திருந்தால்? பயிர் வட்டவட்டமாகக் காய்ந்த பிறகு பேசி என்ன பயன்?

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் கொடுத்து, "உங்க பக்கம் மழை உண்டா?" என்று விசாரித்த பிறகுதானே காரியம் பேசுகிறோம்? கூட்டத்திலும் அதையே செய்யுங்கள். கணக்கு வழக்கை எடுக்குமுன், ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "இந்த வாரம் உங்க வயல்ல புதுசா என்ன பார்த்தீங்க?"

கால் ஏக்கர்க்காரரும் பத்து ஏக்கர்க்காரரும் கூச்சமில்லாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கவேண்டும். "எத்தனை மூட்டை கண்டது?", "கடன் கட்டியாச்சா?" என்று ஆரம்பித்தால் இல்லாதவர் தலைகுனிவார்.

வட்டமாக உட்காருங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். ஆளுக்கு அரை நிமிஷம் என்றால் 20 பேருக்குப் பத்தே நிமிஷம். ஒருவர் பேசும்போது குறுக்கிடவேண்டாம். யோசனை சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

முதல் இரண்டு கூட்டங்களில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும். விடாமல் கேளுங்கள். யாராவது பூச்சி என்று சொன்னால் குறித்துக்கொண்டு, மறுநாளே நாலு பேர் போய் வயலைப் பாருங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள்.

பொதுப் பணத்தில் எந்தக் கருவி வாங்குவது, யாருக்கு முதலில் வாடகைக்கு விடுவது என்று முடிவெடுக்கும் நாள் வரும். மழையைப் பற்றி வாய் திறந்து பழகியவர்தான் அன்று தன் பங்கைப் பற்றியும் பேசுவார். அடுத்த கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள்.