பன்றி தோண்டாத பூக்கிழங்கு

(தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டக் கூட்டமொன்றில் கதிரவெளி வளவுத்தோட்டக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் கடற்கரை ஆட்கள். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ரோட்டில் வாகரையைத் தாண்டி, வெருகலுக்கு முன்னால் எங்கள் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடு. நீங்கள் மலையில், குளிரில், தேயிலைக்கு நடுவே இருக்கிறவர்கள். “இவர்கள் நமக்கு என்னத்தைச் சொல்லப் போகிறார்கள்?” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரு பொதுவான காரியம் உண்டு. பகல் முழுக்க வேலை செய்து, அந்தியில் ஒரு துண்டு நிலத்தில் எதையாவது நட்டு வைக்கிறோம். இரவில் ஒன்று வந்து தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. எங்கள் பக்கம் யானை, உங்கள் பக்கம் மரை. பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

இன்றைக்குப் பூக்கிழங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். சாப்பிடுகிற கிழங்கு இருக்க, பூவுக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். லயத்து வாசலில் நாலு பூ பூத்தால் வீட்டுக்கு ஒரு முகம் வருகிறது. கோயிலுக்கு ஒரு கை பூ கிடைக்கிறது. அது மட்டுமில்லை. எந்தக் கிழங்கை மிருகம் தின்னும், எதைத் தின்னாது, ஏன் தின்னாது என்று தெரிந்துகொண்டால், நம்முடைய பிள்ளைகளின் உயிரையும் காப்பாற்றலாம். அதற்காகத்தான் முக்கியமாக வந்திருக்கிறோம்.

கிழங்கு என்றால் என்ன?

செடி தனக்கென்று சேர்த்து வைத்த சாப்பாட்டு மூட்டைதான் கிழங்கு. வறட்சியிலோ கடுங்குளிரிலோ இலை காய்ந்து போகும். மூட்டை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். காலம் திரும்பியதும் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துப் பூக்கும். குளிர்நாடுகளில் இது வசந்த காலத்தில் நடக்கும். டியூலிப், டாஃபடில் எல்லாம் அப்படிப்பட்டவை. டியூலிப் கிழங்குக்கு ஏறத்தாழ மூன்று மாதம் நல்ல குளிர் வேண்டும். காஷ்மீரில் ஸ்ரீநகரில் 2007ஆம் ஆண்டு திறந்த பெரிய டியூலிப் தோட்டம் ஒவ்வொரு வருடமும் பூக்கிறது என்றால், அங்கே பனி பெய்கிறது. நுவரெலியாவில்கூட அந்த அளவு தொடர்ந்த குளிர் இல்லை. ஆகவே யாராவது டியூலிப் கிழங்கு விற்க வந்தால் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

நமக்கு வசந்தம் என்பது மழைதான். எங்களுக்கு வைகாசி முதல் புரட்டாதி வரை மணல் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மழை வந்ததும் தரை பூக்கும். உங்களுக்குப் பங்குனி, சித்திரையில் வெயிலுக்குப் பின் விழும் மழையோடு மழை லில்லி தலைகாட்டும். அதே கணக்குத்தான்.

எங்கள் ஊர் 2004 சுனாமியில் அடிபட்டது. 2006இல் யுத்தத்தில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. 2007இல் திரும்பி வந்தபோது வளவுகள் பற்றைக்காடாகக் கிடந்தன. நட்ட மரவள்ளி, வத்தாளை ஒன்றும் மிச்சமில்லை. பன்றி உழுது வைத்திருந்தது. ஆனால் மழை பெய்ததும் கிணற்றடியில் லில்லி பூத்தது, வேலியில் கார்த்திகைப்பூ ஏறியது. ஆள் இல்லாத வளவில் இவற்றை மட்டும் ஏன் ஒன்றும் தோண்டவில்லை? அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது.

தின்னும் கிழங்கு, தின்னாத கிழங்கு

விடை ஒரு வார்த்தையில்: நஞ்சு. மழை லில்லி, எக்காளம் மாதிரிப் பெரிய சிவப்புப் பூப் பூக்கும் லில்லி, கடற்கரையில் தானாக வளரும் விஷமூங்கில், குளிர்நாட்டு டாஃபடில், இவை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் கிழங்கில் லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. கடித்தால் வாந்தி வரும். ஒரு தடவை கடித்த மிருகம் மறுதடவை வராது. கார்த்திகைக் கிழங்கில் இருப்பது கொல்கிசின். அது இன்னும் கொடியது.

இனி, தின்னும் பக்கம். டேலியா, கிளாடியோலஸ், கல்வாழை. தோட்டப் பகுதியில் அழகுக்கு வைக்கும் இந்த மூன்றும் மிருகத்துக்கு விருந்து. டேலியா மெக்சிக்கோ நாட்டுச் செடி. அங்கே பழங்காலத்தில் மனிதரே அதன் கிழங்கைச் சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு முள்ளம்பன்றியைக் குறை சொல்லி என்ன செய்வது? காஷ்மீரில் பாம்பூர் குங்குமப்பூ வயல்களிலும் முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டித் தின்று விவசாயிகளை அழ வைக்கிறது. 1944–45 குளிர்காலத்தில், யுத்தப் பஞ்சத்தில், ஒல்லாந்து நாட்டு மக்கள் டியூலிப் கிழங்கை அவித்துச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள். பசி வந்தால் மனிதனும் பூக்கிழங்கைத் தோண்டுவான். மிருகமும் அதே பசியோடுதான் வருகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். “நஞ்சுக் கிழங்கைச் சுற்றிவர நட்டால் உள்ளே இருக்கும் மரவள்ளி தப்பும்” என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பன்றி அந்த வரிசையை மிதித்துக் கடந்து உள்ளே போகும். நஞ்சு தன்னைத்தான் காக்கும், பக்கத்து வீட்டைக் காக்காது.

நடும் முறை

மழை லில்லிக்கு இரண்டு அங்குல ஆழம் போதும். பெரிய சிவப்பு லில்லிக்கும் விஷமூங்கிலுக்கும் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மற்றவற்றுக்குப் பொதுவான அளவு, கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம். எங்கள் மணலில் தண்ணீர் நிற்காது. உங்கள் மலை மண்ணில் நிற்கும், கிழங்கு அழுகும். ஆகவே பாத்தியை அரை அடி உயர்த்தி, மணலும் மக்கிய இலையும் கலந்து கொள்ளுங்கள். பூத்த பிறகு இலையை வெட்ட வேண்டாம். அடுத்த வருடத்துச் சாப்பாட்டை அந்த இலைதான் சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. தானாக மஞ்சளாகிக் காயட்டும்.

பசளையில் கவனம் வேண்டும். எங்கள் ஊரில் மீன் கழிவு தாராளம். ஆனால் மீன் கழிவோ எலும்புத் தூளோ போட்ட பாத்தியைப் பன்றியும் நாயும் மணம் பிடித்து வந்து கிளறும். கிழங்கு நஞ்சாக இருந்தாலும் பாத்தி போய்விடும். நன்றாக மக்கிய மாட்டெருதான் நல்லது. அதேபோல், லயத்துக்குப் பின்னால் சமையல் கழிவைக் கொட்டி வைப்பதுதான் பன்றிக்கு நாம் அனுப்பும் அழைப்பிதழ். குப்பையைக் குழியில் போட்டு மண்ணால் மூடினால் பாதித் தொல்லை குறையும்.

டேலியாவும் கிளாடியோலசும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கோழிவலையில் ஒரு கூடை முடைந்து, கிழங்கை அதற்குள் வைத்துப் புதையுங்கள். கிளாடியோலசுக்கு மேலேயும் ஓர் அங்குலக் கண் வலையால் மூடலாம், தளிர் கண்ணுக்குள்ளால் வரும். டேலியாவின் தண்டு தடிப்பானது. அதற்கு வலையின் நடுவில் கை அகலத்துக்கு வெட்டி விடுங்கள். வலைக்கு மேலே இரண்டு அங்குல மண் போடுங்கள். முள்ளம்பன்றி வேலிக்குக் கீழால் தோண்டும். ஆகவே வேலி வலை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். இலை காய்ந்ததும் டேலியாக் கிழங்கைக் கிண்டி எடுத்து, காய்ந்த மணலோடு சாக்கில் போட்டு, கூரை மரத்தில் கட்டித் தொங்க விடுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் பழைய வாளியில் நட்டு இஸ்தோப்பில் வைக்கலாம். அடியில் துளை போட மறக்க வேண்டாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும்.

சுருக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்

இனி, மனம் நோகும் விஷயம். தோட்டம் அழிகிற கோபத்தில் சிலர் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். சிலர் வீட்டுக் கரண்டை வேலிக் கம்பிக்குக் கொடுக்கிறார்கள். இரண்டும் சட்ட விரோதம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போயும் சில நாளில் செத்துப் போனது. அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைத்ததல்ல. கம்பிக்கு ஆள் தெரியாது. பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் பிடித்துத் தின்கிற காவல்காரன் சிறுத்தைதான். அவனையே கொன்றுவிட்டால் தோட்டத்துக்கு யார் காவல்? கரண்டுக் கம்பியும் அப்படித்தான். விடியப்புறம் தண்ணிக்குப் போகிற தாய்க்கும், பந்து எடுக்கப் போகிற பிள்ளைக்கும் அந்தக் கம்பி வழி விடாது.

எங்கள் பக்கத்தில் யானைப் பிரச்சினை இதைவிடப் பெரிது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். ஒரு பாத்திக் கிழங்குக்கு ஓர் உயிர் விலையாகாது. வஸ்கமுவைப் பக்கத்துக் கிராமங்களில் யானைக்குப் பிடிக்காத தோடை மரங்களை வளவைச் சுற்றி நட்டு, பழத்தையும் விற்கிறார்கள். மிருகம் விரும்பாததை நட்டு, விரும்புவதை வலைக்குள் வைப்பது, இதுதான் சண்டையில்லாத வழி.

பிள்ளைகளின் பாதுகாப்பு

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய காரியம். பன்றி தின்னாத கிழங்கை நம்முடைய பிள்ளையும் தின்னக்கூடாது. பன்றிக்கு மூக்கு சொல்லிக் கொடுக்கிறது. பிள்ளைக்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கார்த்திகைப்பூவைச் சிங்களத்தில் நியங்களா என்பார்கள். தமிழ்நாட்டில் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்பார்கள். அங்கே அது மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காகவே பயிரிட்டு, மருந்துக் கம்பனிகளுக்கு விற்கிறார்கள். மருந்தாவது கம்பனியின் அளவில்தான். வீட்டில் அது நஞ்சு. அதன் கிழங்கு பார்வைக்கு வத்தாளங்கிழங்கு மாதிரி இருக்கும். நம்முடைய நாட்டிலேயே அப்படி மாறிச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டுச் சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் பாதிக்கப்படும். இதற்கென்று முறிப்பு மருந்து கிடையாது. ஆகவே “கொஞ்சம் பார்ப்போம்” என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நாட்டு வைத்தியமும் வேண்டாம், கையை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சக் கிழங்கையும் செடியையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். வாந்தி நின்றுவிட்டது என்று திரும்பி வந்துவிடவும் வேண்டாம். இந்த நஞ்சு கொஞ்சம் இடைவெளி விட்டு மறுகாலும் தாக்கும்.

ஆகவே எங்கள் குழுவில் நாலு சட்டம் வைத்திருக்கிறோம். ஒன்று, சின்னப்பிள்ளையும் ஆடுமாடும் உள்ள வளவில் கார்த்திகைப்பூ நடுவதில்லை. காட்டு வேலியில் பூக்கட்டும், பார்த்து ரசிப்போம். இரண்டு, சாப்பிடுகிற கிழங்கையும் பூக்கிழங்கையும் ஒரே பாத்தியில் நடுவதில்லை. மூன்று, மழை லில்லிக் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும் என்பதால், தோண்டி எடுத்த கிழங்கைக் குசினிக்குள் கொண்டு போவதில்லை. நாலு, கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, ஒன்றைச் சேர்ந்து சொல்லுங்கள் பார்ப்போம்: “அம்மா கொடுத்தால்தான் கிழங்கு, தோண்டி எடுத்தால் தின்ன மாட்டோம்.” சரி, வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கச்சிக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நாங்கள் இன்றைக்கு ஒரு சாக்கு மழை லில்லிக் கிழங்கு கொண்டு வந்திருக்கிறோம். வீட்டுக்குப் பத்துப்படி தாய்மார் கையில்தான் தருவோம், பிள்ளைகள் கையில் தர மாட்டோம். இன்னும் மழை தொடங்கவில்லை, நடுவதற்கு இதுதான் காலம். அடுத்த மழைக்குப் பின் பூத்தால், பிரட்டுக்களத்துக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பெருகிய கிழங்கைப் பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுங்கள்.