ஊசி குத்தினா மறைக்காதீங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுக்களில் பல பேர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போறீங்க. போன மாசம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா விரலில் துணி சுத்தியிருந்தாங்க. கேட்டா, "குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திருச்சு, மஞ்சத்தூள் வச்சுக்கிட்டேன்"னு சொன்னாங்க. குத்தி நாலு நாள் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம்.

அந்த ஊசி பைக்குள்ள வந்ததே தப்பு. அதைப் போட்டவங்க தப்பு, அக்கா தப்பு இல்லை. 2016-ஆம் ஆண்டு விதிப்படி, கழிவு உண்டாகிற இடத்திலேயே நிறம் பார்த்துப் பிரிக்கணும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில். அது எரிக்கப் போகும். குளுக்கோஸ் டியூப், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்புப் பையில். இதை நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக வெட்டித்தான் மறுசுழற்சிக்குக் கொடுக்கணும். கண்ணாடிக்கு நீலம். ஊசி, பிளேடு மட்டும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மாதிரி கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது.

ஏன் வெட்டணும்? 2009-இல் குஜராத் மொடாசாவில் ஒருத்தருக்குப் போட்ட ஊசியை அடுத்தவங்களுக்கும் போட்டதால் ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலை பரவி, பல பேர் செத்துப்போனாங்க. முழுசா இருக்கிற சிரிஞ்ச் மறுபடி யார் கைக்காவது போயிடும்.

ஊசி குத்தினா விரலைக் கசக்காதீங்க, வாயில் வைக்காதீங்க. ஓடுற தண்ணியில் சோப்பு போட்டுக் கழுவிட்டு, அப்பவே நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையான்னு டாக்டர் பார்த்துச் சொல்வார். தேவைன்னா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு அது தாண்டிப் போச்சு. மறுநாளே அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒண்ணும் இல்லை. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அதுவரை அவங்களுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை.

இன்னொண்ணு. மருத்துவக் கழிவைக் கையாளுற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஊக்குநர்கள், உங்க குழுவில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க பேரையும், தடுப்பூசி எத்தனை தவணை போட்டிருக்காங்கன்னும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. போடாதவங்களுக்காக நாமளே சேர்ந்து போய்க் கேட்போம்.